கழுவக் கழுவத் தீராத பயம்!

கையைக் கழுவுவது நல்ல பழக்கம். கதவைப் பூட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். விளக்கேற்றிச் சாமி கும்பிடுவது மிக நல்ல பழக்கம்.

இந்த நல்ல பழக்கங்களே ஓர் ஆளைக் கட்டிப் போட்டுவிட்டால்?

அப்படியும் நடக்கிறது. நம் தெருவில் நடக்கிறது. பக்கத்து வீட்டில் நடக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அது ஒரு வியாதி. "எண்ணச் சுழற்சி நோய்" என்று தமிழில் சொல்கிறார்கள். டாக்டர்கள் சுருக்கமாக "ஓ.சி.டி." என்பார்கள். உலகத்தில் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வாழ்நாளில் ஒரு சமயம் இது வருகிறது. ஆயிரம் பேர் உள்ள ஊர் என்றால் பத்துப் பேராவது இருப்பார்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் வைத்தியம் பார்க்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு குடம் தண்ணீர்

கீரனூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சந்தோஷம். நிறையாவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைச்சல். தண்ணீரின் அருமை இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கடைத்தெருவுக்குப் போய் வருகிறாள். சில்லறை வாங்கிய கை. சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். கழுவி முடித்ததும் ஒரு நினைப்பு வருகிறது: "விரல் இடுக்கில் சரியாகப் போயிருக்குமா?" மறுபடி கழுவுகிறாள். "அழுக்குக் கையால்தானே குழாயைத் திறந்தேன்? இப்போது மூடும்போது அந்த அழுக்கு ஒட்டியிருக்குமே?" குழாயைக் கழுவுகிறாள். குழாயைக் கழுவிய கையை மறுபடி கழுவுகிறாள்.

ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. சோப்பு தேய்கிறது. விரல்களில் தோல் வெடிக்கிறது. உலையில் வைத்த அரிசி குழைந்து போகிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளை நேராக வீட்டுக்குள் வரக் கூடாது. கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். புருஷன் பஸ்ஸில் வந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தால் விரிப்பு முழுவதையும் துவைக்க வேண்டும். துவைக்க எத்தனை குடம்? அதை யார் தூக்குவது?

முதலில் ஊரார் மெச்சினார்கள். "சுத்தக்காரி, மகராசி!" என்றார்கள். ஒரு வருஷம் போனதும், "சுத்தப் பைத்தியம்" என்றார்கள். இன்னொரு வருஷம் போனதும், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓர் உண்மை தெரிந்திருக்கும். தான் செய்வது அதிகம் என்பது அவளுக்கே தெரியும்! கை சுத்தமாகிவிட்டது என்று புத்தி சொல்கிறது. மனம் கேட்பதில்லை. அதை நினைத்து இரவில் அழுகிறாள்.

இந்த வியாதியின் கொடுமை இதுதான். பெரும்பாலோருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது. தெளிவாக இருந்துகொண்டே அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

பல வேஷங்கள்

கழுவுவது ஒரு வேஷம். இதற்கு வேறு வேஷங்களும் உண்டு.

ஒருவர் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பத்துத் தடவை பார்ப்பார். பஸ் ஏறிய பிறகு இறங்கித் திரும்பி வந்து பார்ப்பார். ஒருவர் செருப்பை நேராக வைக்காவிட்டால் அப்பாவுக்கு ஆபத்து வந்துவிடும் என்று பயந்து திருப்பித் திருப்பி வைப்பார். ஒரு மாணவன் ஒரே வரியை இருபது தடவை படிப்பான், பக்கம் நகராது. பரீட்சையில் தோற்பான். "சோம்பேறி" என்று அப்பா அடிப்பார்.

இன்னொரு வேஷம் இருக்கிறது. வெளியே தெரியாது. அதனால்தான் அது மிகப் பொல்லாதது.

கோயில் சந்நிதியில் நிற்கும்போது சாமியைப் பற்றி ஆபாசமான ஒரு நினைப்பு வரும். தொழுகையில் நிற்கும்போது மார்க்கத்தைப் பழிக்கும் சொல் மனத்தில் வரும். பூசையில் முழங்காலிட்டிருக்கும்போது தேவ தூஷணம் வாய்வரை வந்து நிற்கும். பக்தி இல்லாதவருக்கு இந்த நினைப்பு ஒரு பொருட்டல்ல. பக்தி உள்ளவர்தான் நடுங்கிப் போகிறார். "நான் மகாபாவி" என்று முடிவு கட்டுகிறார். யாரிடம் சொல்வார்?

பிள்ளை பெற்ற ஒரு தாய். கையில் அரிவாள்மணை. பக்கத்தில் தொட்டில். "நான் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ?" என்று திடீரென ஒரு நினைப்பு. பதறிப்போகிறாள். அரிவாள்மணையை ஒளித்து வைக்கிறாள். குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள். இதையும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே!

அந்தத் தாய்க்கு ஒரு விஷயத்தை உரக்கச் சொல்ல வேண்டும். இந்த வியாதியில் வரும் இப்படிப்பட்ட நினைப்பு ஆசை அல்ல. பயம். அவள் எதை மிகவும் நேசிக்கிறாளோ அதைத்தான் வியாதி பிடித்துக்கொள்கிறது. நினைப்பைக் கண்டு பதறுகிறவள் அதன்படி செய்வதில்லை. (பிரசவத்துக்குப் பின் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது என்று பேசி, சம்பந்தமில்லாமல் நடந்துகொள்வது வேறு வியாதி. அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

1978-ல் ராக்மன் என்பவரும் பத்மல் டி சில்வா என்பவரும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். டி சில்வா இலங்கைக்காரர். லண்டனில் வேலை பார்த்த மனோதத்துவ நிபுணர். வியாதி ஏதும் இல்லாத சாதாரண ஜனங்களிடம், "உங்களுக்கு வேண்டாத நினைப்புகள் வருவது உண்டா?" என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் "உண்டு" என்றார்கள்! அடிக்க வேண்டும், கெட்ட வார்த்தை சொல்லிக் கத்த வேண்டும் என்பது போன்ற நினைப்புகள் அவர்களுக்கும் வந்திருக்கின்றன.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? மற்றவர்கள் அந்த நினைப்பைத் தெருவில் போகும் நாயைப் போல விட்டுவிடுகிறார்கள். இவர் அதைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். "ஏன் வந்தாய்? நான் அப்படிப்பட்டவனா?" என்று கேட்கிறார். அது திண்ணையில் படுத்துக்கொள்கிறது.

கந்துவட்டி

இது ஏன் வருகிறது? மூளையில் ஆபத்தை அறிவிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. தீ இல்லாதபோதும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிடுகிறது. சில குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலோ இருபதை ஒட்டிய வயதிலோ தொடங்குகிறது. வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம்.

கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய வட்டியைக் கட்டினால் இன்றைக்கு நிம்மதி. நாளைக்கு வாசலில் மறுபடி வந்து நிற்பார். வட்டி கட்டக் கட்ட அவருக்குத் துணிச்சல் அதிகமாகும். அசல் அப்படியே இருக்கும்.

கை கழுவினால் ஐந்து நிமிஷம் நிம்மதி. அது வட்டி. நாளைக்கு இரண்டு தடவை கேட்கும். நாளை மறுநாள் நாலு தடவை கேட்கும். கட்டுவதை நிறுத்தினால்தான் இந்தக் கடன்காரன் ஓய்வான். நிறுத்தும்போது கூச்சல் போடுவான். வாசலில் நின்று மானத்தை வாங்குவான். அந்தக் கூச்சலைப் பொறுத்துக்கொள்ளக் கற்பிப்பதுதான் இந்த வியாதிக்கு வைத்தியம்.

லண்டனில் 1966-ல் விக்டர் மேயர் என்ற நிபுணர் இதைச் செய்து காட்டினார். மிகவும் முற்றிய இரண்டு நோயாளிகள். அழுக்கு என்று பயந்த பொருளைத் தொட வைத்தார். கழுவாமல் இருக்கப் பழக்கினார். இரண்டு பேருக்கும் நன்றாகக் குறைந்தது. அதுவரை இந்த வியாதி தீராது என்றே பல டாக்டர்கள் நினைத்திருந்தார்கள். அன்று தொடங்கிய முறைதான் இன்றைக்கும் முதல் தரமான முறையாக இருக்கிறது.

சைக்கிள்

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த முறையை விளக்குவது சுலபம். இங்கே பெண்கள் சைக்கிள் கற்ற கதை எல்லோருக்கும் தெரியுமே!

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பேர். வயல் வேலைக்குப் போகிறவர்கள், குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். கேலி செய்தவர்கள் உண்டு. விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

அவர்களில் யாராவது பயம் முழுவதும் போன பிறகு சைக்கிளில் ஏறினார்களா? இல்லை. பயத்தோடுதான் ஏறினார்கள். ஓட்ட ஓட்டப் பயம் போயிற்று.

அதே முறைதான் இங்கேயும். முதலில் டாக்டரோ மனநல ஆலோசகரோ நோயாளியோடு உட்கார்ந்து ஒரு படிக்கட்டுப் போடுகிறார். எதைத் தொட்டால் கொஞ்சம் பயம்? எதைத் தொட்டால் அதிகப் பயம்? கீழ்ப்படியில் வீட்டுக் கதவின் கைப்பிடி. அதற்கு மேல் பத்து ரூபாய் நாணயம். அதற்கு மேல் பஸ்ஸின் கம்பி. உச்சியில் பொதுக் கழிப்பிடத்தின் கதவு.

முதல் நாள் கைப்பிடியைத் தொட வேண்டும். கழுவக் கூடாது. அவ்வளவுதான் பாடம்.

நெஞ்சு படபடக்கும். வியர்க்கும். பத்து நிமிஷம் ஒரு யுகமாக இருக்கும். பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அதிசயம். கழுவாமலே பயம் மெல்ல இறங்குகிறது! ஏறிய பயம் தானாக இறங்கும் என்பதை அந்தப் பெண் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறாள். அடுத்த நாள் அதே கைப்பிடி. பயம் கொஞ்சம் குறைவு. நாலைந்து நாளில் அந்தப் படி தாண்டியாகிவிட்டது.

சில மாதங்களில் பன்னிரண்டு முதல் இருபது தடவை ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் வீட்டுப் பாடம். வலுக்கட்டாயம் இல்லை, நோயாளி சம்மதித்துத்தான் ஒவ்வொரு படியும். முழுவதும் செய்து முடித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் நல்ல குணம் காண்கிறார்கள். எல்லோருக்கும் அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நாள் முழுவதையும் தின்ற வியாதி ஒரு நாளைக்குப் பத்து நிமிஷமாகச் சுருங்கினால் அது மறுபிறவிதானே?

மருந்தும் உண்டு. புளூவாக்சமின், புளூஆக்சிடின், செர்ட்ரலின் என்று சில மாத்திரைகள். குளோமிப்ரமின் என்பது பழைய மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். ஒரு விஷயத்தை நன்றாக நினைவில் வையுங்கள்: இவை தலைவலி மாத்திரை போல அன்றே கேட்பவை அல்ல. முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். பதினைந்து நாள் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை" என்று குப்பையில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர். குணம் தெரிந்த பிறகும் ஒரு வருஷமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். தாமாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை போலப் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

1992-ல் அமெரிக்காவில் நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையால் குணமானவர்களின் மூளையில் தெரிந்த மாற்றம், பயிற்சியால் குணமானவர்களின் மூளையிலும் தெரிந்தது. கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்ததே மூளையை மாற்றியிருக்கிறது!

வீட்டில் இருப்பவர்கள்

இனி குடும்பத்தாரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறீர்கள். ஒரு நாள் திட்டுகிறீர்கள், குழாயை மூடுகிறீர்கள், சில பேர் கையையும் ஓங்குகிறீர்கள். மறுநாள் பரிதாபப்பட்டு அவள் சொன்னதையெல்லாம் செய்கிறீர்கள். கால் கழுவிவிட்டு வருகிறீர்கள். நாணயத்தைக் கழுவித் தருகிறீர்கள். "எல்லாம் சுத்தமாக இருக்கிறது, போதுமா?" என்று ஐம்பது தடவை சொல்கிறீர்கள்.

திட்டினால் பயம் அதிகமாகிறது. பயம் அதிகமானால் கழுவுவது அதிகமாகிறது. சொன்னதையெல்லாம் செய்தாலோ, வட்டியை நீங்களே கட்டுகிறீர்கள்! அன்பினால்தான் கட்டுகிறீர்கள். ஆனாலும் அது வட்டிதான்.

வேறு என்ன செய்வது?

"அம்மா, பூட்டியாச்சா? நிஜமாகப் பூட்டியாச்சா?" என்று மகள் எட்டாவது தடவையாகக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இப்படிச் சொல்லலாம்: "இது நீ கேட்கலை தாயி. அந்த வியாதி கேட்குது. நான் பதில் சொன்னா அதுக்குத் தீனி போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் பொறுத்துக்க. நான் பக்கத்திலேயே இருக்கேன்."

பதிலும் சொல்லவில்லை, விரட்டவும் இல்லை. இது கடினம்தான். ஒரே நாளில் இப்படி மாறிவிடக் கூடாது. டாக்டரையும் வைத்துக்கொண்டு, நோயாளியையும் வைத்துக்கொண்டு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வாரம் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை என்று தொடங்கலாம்.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையை மட்டும் தயவு செய்து விட்டுவிடுங்கள். ஒரு வீட்டில் இருந்த அழுகை இரண்டு வீட்டில் கேட்கும்.

சாமி எத்தனை தடவை கேட்கிறார்?

"ஆசாரம் என்பதே இப்படித்தானே? பெரியவர்கள் மடி, தீட்டு பார்க்கவில்லையா?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஆசாரத்துக்கு ஒரு முடிவு உண்டு. குளித்தால் முடிந்தது; பிறகு பூஜை. வியாதிக்கு முடிவு இல்லை. குளித்தது சரியா என்று குளியல் அறையிலேயே மத்தியானம் ஆகிவிடும். ஆசாரம் மனிதனைச் சாமியிடம் கொண்டுபோய் விடுகிறது. வியாதி சாமி அறை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வங்காளத்தில் இதற்கு "சுசிபாய்" என்றே ஒரு பெயர் வழங்கிவந்தது. கல்கத்தா மனநல டாக்டர் அஜிதா சக்கரவர்த்தி 1970-களிலேயே அதை ஆராய்ந்து எழுதினார். பெரும்பாலும் விதவைகளைப் பிடித்த வியாதி அது. சமூகம் அதைப் பக்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் மதமே உங்கள் பக்கம் இருக்கிறது.

கண்ணப்பரை நினைத்துப் பாருங்கள். வாயில் தண்ணீரைக் கொண்டுவந்து சாமிக்கு அபிஷேகம் செய்தார். தான் கடித்துப் பார்த்த மாமிசத்தைப் படைத்தார். அடையாளத்துக்காகச் செருப்புக் காலையே சாமியின் கண்ணில் ஊன்றினார். சாமி கோபித்துக்கொண்டாரா? நாயன்மார் வரிசையில் வைத்தார். சாமி படத்தில் தெரியாமல் கால் பட்டுவிட்டது என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பவர்கள் இந்தக் கதையை மறந்துவிடுகிறார்கள். பூசலார் கல்லில்லாமல் மனத்திலேயே கோயில் கட்டினார். அந்தக் கோயிலுக்குத்தான் சாமி முதலில் போனார். பூஜையில் ஒரு பூ குறைந்துவிட்டது என்று திரும்பத் திரும்பத் தொடங்குகிறவர்கள் பூசலாரை நினைக்க வேண்டும்.

இஸ்லாத்தில் இந்த ஓயாத சந்தேகத்துக்கு "வஸ்வாஸ்" என்று பெயரே உண்டு. ஒளுச் செய்யும்போது ஓர் உறுப்பை மூன்று தடவைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்ததை வெறும் சந்தேகம் முறித்துவிடாது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அபூ ஸைத் அல் பல்கி என்ற அறிஞர் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே இந்த வேண்டாத நினைப்புகளை ஒரு மன வியாதியாக விவரித்து எழுதியிருக்கிறார்.

கிறிஸ்தவர்களுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. புனித இஞ்ஞாசியார். நம் வீரமாமுனிவர் சேர்ந்திருந்த சேசு சபையை உண்டாக்கியவர். 1522-ல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைச் சரியாக அறிக்கையிட்டோமா என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நிம்மதி இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட வந்தது. கடைசியில், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று தீர்மானித்தார். விடுதலை கிடைத்தது. யோசித்துப் பாருங்கள்! விக்டர் மேயருக்கு நானூறு வருஷங்களுக்கு முன்னால் இஞ்ஞாசியார் வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஆகவே குருக்களுக்கும், ஆலிம்களுக்கும், பங்குத் தந்தைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஒருவர் ஒரே பரிகாரத்தை நாலாவது தடவை கேட்டு வந்தால் நாலாவது பரிகாரம் சொல்லாதீர்கள். "ஒரு தடவை போதும். சாமிக்குக் கேட்டுவிட்டது. நீ டாக்டரைப் பார்" என்று சொல்லுங்கள். டாக்டர் நூறு தடவை சொல்வதைவிட நீங்கள் ஒரு தடவை சொல்வது பலிக்கும்.

பயத்தைப் போக்குவதற்காகவே நூற்றெட்டுத் தடவை சொல்லும் மந்திரமும் கை கழுவுவது போலத்தான். நோயாளி அதை ஒரு தடவை சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டும். அதுதான் அவருக்குப் பெரிய விரதம்.

குணசீலமும் ஏர்வாடியும்

கோயிலும் வைத்தியமும் சேர முடியுமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். சேர்ந்திருக்கின்றன. கீரனூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 30 கி.மீ. அங்கிருந்து காவிரிக் கரையோடு முசிறிப் பக்கம் போனால் குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் சரியில்லாதவர்களை அங்கே கொண்டுவந்து 48 நாள் வைத்திருப்பது வெகுகால வழக்கம். இன்று அங்கே கோயில் சார்பில் அரசு அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. தீர்த்தமும் உண்டு, டாக்டரும் உண்டு.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்கா அவர்களைக் கொல்லவில்லை. சங்கிலி கொன்றது. மன நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் "தவாவும் துவாவும்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. தவா என்றால் மருந்து. துவா என்றால் பிரார்த்தனை. தர்கா முஜாவரே நோயாளியை டாக்டரிடம் அனுப்புகிறார். அந்த ஏற்பாட்டைப் பார்த்து ஏர்வாடியிலும் அப்படித் தொடங்கினார்கள்.

கோயிலில் தங்கினால் மட்டும் குணமாகுமா? 2002-ல் பெங்களூர் நிபுணர்கள் ஒரு தமிழ்நாட்டு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பரிசோதித்தார்கள். மருந்து இல்லாமலே நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அன்பான இடம், அமைதி, அன்றாட வேலை. அவையும் மருந்துதான் போலும்! ஆனால் அவர்களுக்கு இருந்தவை வேறு மன வியாதிகள். எண்ணச் சுழற்சி நோய்க்குக் கோயில் மட்டும் போதும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கீரனூருக்கு என்ன வேண்டும்?

மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியபோது இந்தியாவிலேயே முதல் நாலு மாவட்டங்களில் ஒன்று திருச்சி. இன்று புதுக்கோட்டையிலும் அந்தத் திட்டம் இருக்கிறது. 2017-ல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவும் நல்ல செய்தி.

ஆனால் ஒரு குறை. மாத்திரை சுலபமாக ஊருக்கு வந்துவிடுகிறது. படிக்கட்டுப் போட்டுப் பயிற்சி தரும் ஆலோசகர் வருவதில்லை. அவர் பெரும்பாலும் பெரிய நகரத்தில் இருக்கிறார். நாட்டில் ஒரு லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. பயிற்சி தருகிறவர்கள் அதைவிட அபூர்வம். கூலி வேலை செய்கிற பெண் வாரம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்வர முடியுமா? இருபது வாரம் என்றால் இருபது நாள் கூலி.

கீரனூர் குளத்தூர் வட்டத்தின் தலைநகரம். வாரத்துக்கு ஒரு நாளாவது பயிற்சி பெற்ற ஆலோசகர் இங்கே வந்து உட்கார வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டும். கிராமத்து நர்சுகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த வியாதியின் அடையாளங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரே வரியை இருபது தடவை படிக்கிற மாணவனை முதலில் பார்ப்பவர் ஆசிரியர்தான்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டுப் புஸ்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் எழுதுங்கள்: என்ன பயம் வந்தது, அதற்காக என்ன செய்தார், எத்தனை தடவை, எத்தனை நிமிஷம். வாயால் சொல்லக் கூசுகிற நினைப்பு இருந்தால் அதையும் எழுதி நீட்டிவிடுங்கள். மனநல டாக்டர்கள் அதைப் போல ஆயிரம் கேட்டவர்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

உடனே போக முடியாதவர்கள் போனில் பேசலாம். "டெலி மானஸ்" என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. 14416 என்ற எண். கட்டணம் இல்லை. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள்.